60 கிராம் உலர் உணவு பூனைக்குப் போதுமா?

கேள்வி: 4 வயது ஆண் பூனை, 4 கிலோ, கருத்தடை செய்தது. வீட்டை விட்டு வெளியே போவதில்லை. பாக்கெட்டில் போட்டபடி நாளுக்கு 60 கிராம் உலர் உணவு வைக்கிறேன். தின்று முடித்ததும் மறுபடி கத்துகிறான். முடி கொட்டுகிறது, எப்போதும் தூக்கம். சத்து போதவில்லையோ என்று தினமும் வேகவைத்த ஈரலும், நாங்கள் சாப்பிடும் வைட்டமின் மாத்திரையில் பாதியும் கொடுக்கிறேன். ஈர உணவுக்கு மாற்றப் பார்த்தால் தொடவே மாட்டேன் என்கிறான். இரண்டு மூன்று நாள் வேறு எதுவும் வைக்காமல் விட்டால் பசியில் தின்றுவிடும் என்கிறது ஒரு வீடியோ. செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், நீங்கள் அவனைப் பட்டினி போடவில்லை. வீட்டுக்குள்ளேயே வளரும், கருத்தடை செய்த 4 கிலோ பூனைக்கு நாளுக்கு ஏறக்குறைய 200 முதல் 240 கிலோ கலோரி போதும். உலர் உணவு 100 கிராமில் பெரும்பாலும் 350 முதல் 400 கிலோ கலோரி இருக்கும். உங்கள் பாக்கெட்டில் உள்ள எண்ணை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். டம்ளரில் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்து வையுங்கள். டம்ளர் ஒரு நாள் 60 காட்டும், மறுநாள் 75. கருத்தடைக்குப் பின் கலோரித் தேவை குறைகிறது, பசியோ கூடுகிறது. கத்துவது அதனால்தான். அதே 60 கிராமை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

சத்து முழுமையா என்பதை அளவு சொல்லாது, பாக்கெட்தான் சொல்லும். வளர்ந்த பூனைக்கான 'முழுமையான உணவு' என்று இருந்தால் டாரின் (பூனைக்கு உணவிலிருந்தே கிடைக்க வேண்டிய ஒரு அமினோ அமிலம்) உட்பட எல்லாம் அதிலேயே இருக்கும். டாரின் குறைந்தால் பூனைக்கு இதயத் தசையும் விழித்திரையும் கெடும். 'துணை உணவு' என்று இருந்தால் அதை மட்டும் நம்பி வளர்க்க முடியாது. தினசரி ஈரலையும் மாத்திரையையும் இன்றே நிறுத்துங்கள். ஈரலின் வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்துகொண்டே போய், கழுத்து முள்ளெலும்புகளில் புது எலும்பு வளர்ந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் செய்துவிடும். மாத்திரையில் உள்ள வைட்டமின் டி அளவு மீறினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

முடி கொட்டுவதும் பகல் தூக்கமும் பூனையின் இயல்பு. தோலில் சொட்டையோ புண்ணோ இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த வீடியோ. நாயைப் போலப் பூனை பட்டினி தாங்காது. சாப்பாடு நின்றதும் உடம்பின் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வந்து குவிகிறது. அதைக் கையாளக் கல்லீரலால் முடிவதில்லை. சில நாட்களிலேயே கல்லீரல் தன் வேலையை விட்டுவிடும். பருமனான பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வந்த பின் காப்பாற்ற, வாரக்கணக்கில் குழாய் வழியாக ஊட்ட வேண்டியிருக்கும். அடம் பிடிக்கிறானா, நோயால் தின்னாமல் இருக்கிறானா என்று வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே, காரணம் எதுவானாலும் 24 மணி நேரம் ஒன்றுமே தின்னவில்லையென்றால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். வாந்தி, எச்சில் வடிதல், ஈறிலோ காதின் உட்புறத்திலோ மஞ்சள் நிறம் தெரிந்தால் 24 மணி நேரமும் காத்திருக்க வேண்டாம்.

ஈர உணவுக்கு 7 முதல் 10 நாட்களில் மாற்றலாம். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு கலோரி மட்டும் ஈர உணவிலிருந்து வரட்டும். பிறகு பாதி, முக்கால் என்று ஏற்றுங்கள். 100 கிராம் ஈர உணவில் பெரும்பாலும் 80 முதல் 100 கிலோ கலோரிதான் என்பதால், 15 கிராம் உலர் உணவைக் குறைத்தால் அதற்கு ஈடாக 60 கிராமுக்குக் குறையாமல் வைக்க வேண்டும். மறுத்தால் ஒரு படி இறங்கி, பழைய உணவைக் கூட்டிக் கொடுங்கள். மாற்றும்போது வாரம் ஒரு முறை எடை பாருங்கள். ஒரு மாதத்தில் 200 கிராம் குறைந்தால், நன்றாகத் தின்றாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.