அது பீரங்கிக் குண்டு இல்லை

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் ஓர் அறையை ஒதுக்கிச் சின்னதாக ஒரு காட்சியகம் வைத்திருக்கிறோம். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக (வண்டி தடம் மாறத் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் ஊழியர்) இருந்து காலமான பெரியவர் ஒருவரின் மகன், அப்பாவின் டிரங்குப் பெட்டியை அப்படியே கொடுத்துவிட்டார். உள்ளே கனமான ஓர் இரும்புப் பந்து இருந்தது. அதில் 'எம்.டி.யு' என்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன, மற்றவை பெயிண்டில் மறைந்திருக்கின்றன. பாளையக்காரர் காலத்துப் பீரங்கிக் குண்டு என்று யாரோ சொல்ல, அப்படியே எழுதி வைத்துவிட்டோம். சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி போட்ட கைவிளக்கு ஒன்றும், இருபுறமும் உலோகப் பட்டை நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான வட்ட டப்பாக்கள் இரண்டும் இருக்கின்றன. இவை என்ன, எந்தக் காலத்தவை?

பதில்: முதலில் அந்த வட்ட டப்பாக்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம், இப்போதே போய் அந்த அறையைப் பூட்டுங்கள். நீங்கள் சொல்லும் உருவம் டெட்டனேட்டர் போலவே இருக்கிறது. ஃபாக் சிக்னல் என்றும் சொல்வார்கள். உள்ளே வெடிமருந்து இருக்கும். அந்தப் பட்டைகளைத் தண்டவாளத்தின் தலையைச் சுற்றி மடித்துக் கட்டினால் டப்பா அசையாமல் நிற்கும். எஞ்சின் சக்கரம் ஏறியதும் படாரென்று வெடிக்கும். வழியில் ஏதோ ஆபத்து என்று டிரைவருக்குத் தெரிந்துவிடும். தண்டவாளம் உடைந்தாலோ வண்டி நடுவழியில் நின்றுபோனாலோ இதை வைப்பதற்குக் கணக்கு உண்டு. மீட்டர் கேஜ் என்ற குறுகலான பாதையில், ஆபத்தான இடத்திலிருந்து 400 மீட்டரில் ஒன்று, 800 மீட்டரில் 10 மீட்டர் இடைவெளியில் மூன்று. அகலப் பாதையில் 600 மீட்டர், 1200 மீட்டர்.

பழசாகிவிட்டது, நமத்துப்போயிருக்கும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பழைய வெடிமருந்து எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. தட்ட வேண்டாம், துடைக்க வேண்டாம், வெயில் படும் ஜன்னலோரம் வைக்க வேண்டாம், ரயில்வே ஆபீஸில் காட்டலாம் என்று பையில் போட்டுப் பஸ்ஸிலும் ஏறிவிட வேண்டாம். இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, காவல் நிலையத்துக்கும் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டருக்கும் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து போகிற அறை என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, பந்துக்கு வருவோம். உங்கள் காட்சியகத்தில் நான் ஆசையோடு வந்து பார்க்கக்கூடிய பொருள் அதுதான். பீரங்கிக் குண்டில் யாரும் 'எம்.டி.யு' என்று பொறிக்க மாட்டார்கள். அது மதுரை ஸ்டேஷனின் குறி. உங்களிடம் இருப்பது நீல்ஸ் டோக்கன் பந்தாக இருக்க வேண்டும்.

ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் காத்தது இந்தப் பந்துதான். பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்கள் இரண்டிலும் பெரிய பெட்டி போன்ற கருவி இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதித்தால்தான் இங்கே பந்து வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை இரண்டு பக்கமும் அடுத்த பந்து வராது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் அந்தப் பாதையில் வண்டியை எடுக்கக் கூடாது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட பாதையைச் செக்‌ஷன் என்பார்கள்; ஒரு செக்‌ஷனின் பந்தை அடுத்த செக்‌ஷனின் பெட்டியில் போட முடியாதபடி அமைப்பையும் மாற்றி வைத்திருப்பார்கள்.

நிற்காமல் போகிற வண்டி என்றால், பந்தைத் தோல் பையில் போட்டு, அந்தப் பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி, பிளாட்பாரத்தில் ஒருவர் உயர்த்திப் பிடித்து நிற்பார். ஓடுகிற எஞ்சினிலிருந்து கையை நீட்டி வளையத்தை வாங்குவார்கள், பழைய வளையத்தை வீசிவிட்டுப் போவார்கள். ராத்திரியில் இதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். அந்த டிரங்குப் பெட்டிக்காரர் பாயிண்ட்ஸ்மேன் என்பதால் எத்தனையோ முறை வளையத்தோடு நின்றிருப்பார். டப்பாக்களை அப்புறப்படுத்திய பிறகு, பெட்டியில் வளையமோ தோல் பையோ கிடக்கிறதா என்று மறுபடி பாருங்கள். வெறும் பிரம்பு என்று யாராவது எடுத்து ஓரமாகப் போட்டிருக்கலாம்.

பந்தில் இரண்டு ஸ்டேஷன்களின் குறியும் ஓர் எண்ணும் இருக்கும். அவற்றைப் படிக்கப் பெயிண்டைச் சுரண்டாதீர்கள். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்த மாதிரி பிடித்துப் பந்தை மெல்ல உருட்டுங்கள். பள்ளம் நிழலாகத் தெரியும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, கூர் மழுங்கிய பென்சிலால் லேசாகத் தேய்த்தால் எழுத்து தாளில் விழும். காசை வைத்துச் சின்ன வயதில் தேய்த்திருப்போமே, அதேதான். இரண்டாவது குறி கிடைத்தால் அது எந்த வழிப் பந்து என்று சொல்லிவிடலாம். உசிலம்பட்டியில் கிடைத்தது என்பதற்காக, அந்த வழியாகப் போகிற மதுரை–போடி லைன் பந்து என்று முடிவு கட்ட வேண்டாம். ரயில்வேக்காரர் எங்கெங்கோ மாற்றலாகிப் போயிருப்பார்.

விளக்கில் இருப்பது நீலக் கண்ணாடி என்று எழுதியிருக்கிறீர்கள். அது பச்சை சிக்னல்தான். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சளாக எரியும். அதன்முன் நீலம் கலந்த கண்ணாடியை வைத்தால் தூரத்தில் பச்சையாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் மஞ்சள் குண்டு பல்பு ஒன்றைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். மேலே கைப்பிடியும், உள்ளே சுழற்றினால் சிவப்பு, பச்சை, வெள்ளை என மாறும் அமைப்பும் இருந்தால் அது கை சிக்னல் விளக்கு. கைப்பிடி இல்லாமல் பின்பக்கம் சின்ன ஓட்டை இருந்தால் சிக்னல் கம்பத்து விளக்கு. எரிகிறதா என்று ஸ்டேஷனிலிருந்தே பார்த்துக்கொள்ள வைத்த ஓட்டை அது.

காலத்தைக் கணிக்க எழுத்துகள்தான் முதல் சாட்சி. 'எஸ்.ஐ.ஆர்.' என்று இருந்தால் தென்னிந்திய ரயில்வே கம்பெனி. திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-இல் ரயில் கொண்டுவந்தது அதுதான். 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே உருவானது. அதன்பிறகு வந்தவற்றில் 'எஸ்.ஆர்.'. ஆனால் ஒன்று, எழுத்து சொல்வது பொருள் செய்யப்பட்ட காலத்தைத்தான். ரயில்வேயில் எதையும் எளிதில் தூக்கிப் போட மாட்டார்கள். எஸ்.ஐ.ஆர். விளக்கு பல வருடம் கழித்தும் யாரோ ஒருவர் கையில் எரிந்திருக்கலாம். ஊர்ப் பெயரும் உதவும்; பழைய பெயர் இருந்தால், பெயர் மாறுவதற்கு முன் செய்த பொருளாக இருக்கலாம். விருதுபட்டி 1923-இல் விருதுநகர் ஆனது. கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் ஒரு காலத்தில் அம்மையநாயக்கனூர்.

பித்தளைப் பாகங்களைப் புளி போட்டுத் துலக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து வேண்டாம். ஒருமுறை துலக்கியதில் தயாரிப்பாளர் பெயரே மழுங்கிப்போன விளக்கைப் பார்த்து நான் மனம் நொந்திருக்கிறேன். மெல்லிய பிரஷ், உலர்ந்த துணி, அவ்வளவுதான்.

அப்புறம் காகித வேலை. ரயில்வே உடைமையை முறையின்றி வைத்திருப்பது தொடர்பாக 1966-லேயே சட்டம் உண்டு. அதனால் யார் கொடுத்தார், எப்போது கொடுத்தார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். படங்களோடு மதுரைக் கோட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் போட்டுவிடுங்கள். திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி.

டப்பாக்களின் விஷயம் முடிந்ததும், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மகனை உட்கார வைத்துப் பேசுங்கள். அப்பா எந்தெந்த ஸ்டேஷனில் வேலை பார்த்தார், எந்த வருடம் ஓய்வு பெற்றார், இந்தப் பந்து வீட்டுக்கு வந்தது எப்படி என்று கேட்டு, அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பீரங்கிக் குண்டு அட்டையை எடுத்துவிட்டு வைக்கப்போகும் புது அட்டையில் அந்தப் பெரியவர் பெயரும் இருக்கட்டும்.