ஊசி போட்ட பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி ஏன் வருகிறது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் என் 19 வயது மகன், அறைத்தோழனுக்கு வந்த பொன்னுக்கு வீங்கி தனக்கும் தொற்றி, கன்னம் வீங்கி வீட்டுக்கு வந்திருக்கிறான். குழந்தைப் பருவத்தில் ஒரு தடுப்பூசியையும் நாங்கள் தவறவிட்டதில்லை. 17 வயது மகளுக்கு இப்போது ஊசி போடலாமா?

பதில்: முதலில் மகனின் தடுப்பூசி அட்டையில் இருப்பது எம்.ஆர். ஊசியா, எம்.எம்.ஆர். ஊசியா என்று பாருங்கள். அந்தக் கூடுதல் ‘எம்’தான் பொன்னுக்கு வீங்கியைக் குறிக்கிறது. அரசின் இலவசத் திட்டத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஊசி உண்டு, இதற்கு இல்லை. 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் போட்டதும் எம்.ஆர். ஊசியே. ஆகவே, சுகாதார நிலையத்தில் எல்லாத் தவணையும் போட்டுக்கொண்ட வடசென்னைப் பிள்ளைகள் பலருக்கு இந்நோய்க்கான பாதுகாப்பு தொடக்கத்திலிருந்தே இல்லை. இது பெற்றோரின் தவறன்று. இந்த ஊசியையும் அரசு சேர்த்தாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

எம்.எம்.ஆர். இரண்டு தவணை போட்டவர்களுக்கும் இது வருவதுண்டு. அந்தப் பாதுகாப்பு நூற்றுக்கு நூறு அன்று என்பதோடு, ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. விடுதியில் நெருங்கி வாழும்போது கிருமிக்கு அந்த இடைவெளி போதும். 2006இல் அமெரிக்காவின் அயோவா முதலிய மாநிலங்களில் 6,000 பேருக்கு மேல் தாக்கியபோது, கல்லூரி வயதினரே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பலர் இரண்டு தவணையும் போட்டவர்கள். ஆனாலும் ஊசி போட்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு.

வீக்கம் தொடங்கி ஐந்து நாள் மகன் வெளியே போக வேண்டாம். சிறிய வீட்டில் தனி அறை இல்லையென்றால், தனித் தட்டு, தனித் தம்ளர், திறந்த ஜன்னல் ஆகியவையாவது இருக்கட்டும். கஞ்சி, இட்லி போன்ற மென்மையான உணவு கொடுங்கள். எலுமிச்சையும் புளியும் உமிழ்நீரைச் சுரக்கவைத்து வலியைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும், ஆஸ்பிரின் வேண்டாம். கழுத்தில் தங்கச் சங்கிலி போடும் வழக்கத்தால் கெடுதல் இல்லை. அதை நம்பி மருத்துவரைத் தவிர்ப்பதுதான் கெடுதல். விரையில் வீக்கமோ வலியோ வந்தால் அம்மாவிடம் சொல்லப் பையன்கள் கூசுவார்கள், அப்பா கேட்கட்டும். அதற்கும், கடும் தலைவலி, விடாத வாந்தி, வயிற்று வலி, காது மந்தம் ஆகியவற்றுக்கும் தாமதிக்காமல் ஸ்டான்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மகள் எம்.எம்.ஆர். போட்டதில்லை என்றால், தனியார் மருத்துவரிடம் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை போடுங்கள். அண்ணனிடமிருந்து ஏற்கெனவே தொற்றியிருந்தால் ஊசி அதைத் தடுக்காது என்பதால், 25 நாள் வரை அவள் கன்னத்தையும் கவனித்து வாருங்கள்.