டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ள குழந்தைக்கு நடனப் பயிற்சி கொடுத்தால் வாசிப்பு சரியாகுமா?

நடனம் மட்டும் போதாது. சிக்கலின் வேர் பெரும்பாலும் சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிவதில் இருக்கிறது. அதற்கு எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் பயிற்சிதான் முதன்மை. நடனம் பக்கத்துணை.

தாளம் கைகொடுக்கும் இடம், சொல்லைத் துண்டு பிரிப்பது. வண்-ணத்-துப்-பூச்-சி: துண்டுக்கு ஓர் அடி, ஐந்து அடி. முதலில் கைதட்டல், பிறகு கால். அது பிடிபட்டதும் "பூச்சியை விட்டுவிட்டு ஆடு" என்று சொல்லுங்கள். மூன்று அடியில் நிற்க வேண்டும். உண்மையான வேலை இங்கேதான். கால் சொல்லை முந்தினால் வேகத்தைக் குறையுங்கள்.

பலர் சறுக்குவது, குழந்தையை நேருக்கு நேர் பார்த்து நின்று சொல்லிக்கொடுப்பதில். இடது வலதாகத் தெரிந்து குழம்பிவிடும். முதுகு காட்டி நில்லுங்கள். நான்கு அசைவுகளை ஒரே மூச்சில் வாயால் சொன்னாலும் நினைவில் நிற்காது. இரண்டைப் பதியவைத்த பிறகே மூன்றாவது.