மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிக்கலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். விடைத்தாள் கொடுக்கும்போது பெயரையும் மதிப்பெண்ணையும் உரக்கச் சொல்லித்தான் கொடுப்பேன். குறைவாக எடுத்தவர்களுக்கு ரோஷம் வரட்டும் என்றுதான். போன வாரம் ஒரு மாணவியின் அம்மா வந்து, "என் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேங்கிறா" என்றார். நான் யாரையும் அடித்ததில்லை. இதில் என்ன தவறு? இதுவும் கூடாதென்றால் வகுப்பை எப்படிக் கட்டுப்படுத்துவது?

பதில்: நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறீர்கள். இருந்தாலும் இந்தப் பழக்கத்தை நாளைக்கே விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை ஒன்றைக் கவனியுங்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளை, தன் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தாளின் மேல் மூலையை மடித்துவிடும். மதிப்பெண் எழுதியிருப்பது அங்கேதானே! நீங்கள் பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டும்போதும் அந்தத் தாள் பைக்குள்ளேயே கிடக்கும். எந்த வரியில் தப்புச் செய்தோம் என்று பார்க்க வேண்டிய நேரம், மறைப்பதிலேயே போய்விடுகிறது. ரோஷப்பட்டுப் படிக்கிறவர்களும் உண்டு. நான் பார்த்தவரை, ஏற்கெனவே ஓரளவு நன்றாகப் படிப்பவர்கள்தான் அவர்கள்.

ஐ.நா. 1989-ல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மாண்பைக் காக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது அதன் 28-வது பிரிவு. 16-வது பிரிவு அந்தரங்கத்தைப் பற்றியது. அடிக்காமல் இருப்பதோடு ஆசிரியரின் பொறுப்பு முடிவதில்லை. மதிப்பெண் அந்த மாணவிக்கும் பெற்றோருக்கும் உங்களுக்கும் தெரிந்தால் போதும், பக்கத்து பெஞ்சுக்குத் தெரிய வேண்டியதில்லை.

தாளை மடித்தே கொடுங்கள். மதிப்பெண்ணை உள்பக்கத்தில் எழுதுங்கள். பலர் செய்த தவறைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, எல்லோரையும் திருத்தச் சொல்லுங்கள். "கழித்தல் குறியை விட்டுவிட்டாய், மற்றபடி வழி சரி" என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்தத் தாள் பையை விட்டு வெளியே வரும்.

சரி, கட்டுப்பாடு? உரிமையை மதித்தால் கண்டிப்பு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். பேசிக்கொண்டே இருப்பவனை இடம் மாற்றலாம். வீட்டுப்பாடம் செய்யாதவனை மறுநாள் முடித்து வரச் சொல்லலாம். ஒருவன் செய்ததற்கு வகுப்பு மொத்தத்தையும் நிற்க வைப்பது, தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ விடாமல் இருப்பது, வீட்டைச் சொல்லித் திட்டுவது, இவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

அந்த மாணவி விஷயத்தில் தாமதிக்காதீர்கள். வகுப்பின் முன்னால் நடந்தது என்பதால், "இனி மதிப்பெண்ணைச் சத்தமாகப் படிக்க மாட்டேன், அது என் தவறு" என்று வகுப்பின் முன்னாலேயே சொல்லுங்கள். அவள் பெயர் அதில் வர வேண்டாம். அப்புறம் அவள் அம்மாவை வைத்துக்கொண்டு, என்ன செய்தால் வகுப்புக்கு வர வசதியாக இருக்கும் என்று அவளிடமே கேளுங்கள். தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை, அதே உடன்படிக்கையின் 12-வது பிரிவின்படி அவளுக்கு இருக்கிறது. உடனே பதில் வராது. நீங்களே இட்டு நிரப்பாமல் கொஞ்சம் காத்திருங்கள்.