இறால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு சிடி ஸ்கேன் கான்ட்ராஸ்ட் மருந்து போடலாமா?

இறாலில் அயோடின் இருக்கிறது, ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிய ஊசி வழியாக ஏற்றும் இந்த மருந்திலும் இருக்கிறது, அதனால்தான் இந்தப் பயம். ஆனால் இறால் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல. அதை மட்டும் வைத்து ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

முன்பு இதே வகை மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தாலும் சொல்லுங்கள்.

மருந்து ஏறும்போது உடம்பு சூடாவது ஒவ்வாமை இல்லை. பிள்ளை பயந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கடுமையான ஒவ்வாமை குழந்தைகளுக்கு மிக அரிது. வந்தால் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். பேசத் தெரியாத குழந்தை என்றால் சட்டையைத் தூக்கி வயிறு, முதுகில் தடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு இரைத்தால் உடனே குரல் கொடுங்கள். தொடையில் அட்ரினலின் ஊசி போடுவார்கள். அப்புறம், சிலருக்குத் தடிப்பு ஓரிரு நாள் கழித்தும் வரலாம்.