ஓரம் சுடுது, நடு ஜில்லுங்குது! - மைக்ரோவேவ் கேள்வி பதில்

ஃப்ரிட்ஜில் வைத்த சாம்பார் சாதத்தை மைக்ரோவேவில் 3 நிமிடம் வைத்தால் ஓரம் நாக்கைப் பொசுக்குகிறது, நடுவில் ஜில்லென்று இருக்கிறது. ஓவனில் கோளாறா?
- வாசகி, கும்பகோணம்

ஓவன் நன்றாகத்தான் இருக்கிறது. சாதத்தைக் குவித்து வைத்ததுதான் தப்பு. நுண்ணலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போவதற்குள்ளேயே வலுவிழந்துவிடும். நடுவுக்கு ஓரத்திலிருந்துதான் சூடு பரவியாக வேண்டும். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் சாதத்தைப் பரப்பி, ஆப்பத்துக்கு எதிர்மாறாக, ஓரம் தடிப்பாகவும் நடுவில் குழியாகவும் விடுங்கள். இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, ஆவி போக இடம் விட்டு மூடுங்கள். ஒன்றரை நிமிடத்தில் வெளியே எடுத்து அடியோடு கிளறி, மறுபடி ஒன்றரை நிமிடம். ஓவன் நின்றதும் மூடியைத் திறக்காமல் 2 நிமிடம் விடுங்கள். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். நடுவில் கிளறினாலும் ஆவி பறக்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி செல்சியஸ்.

மதியம் வடித்த சாதம் ராத்திரிவரை வெளியிலேயே கிடந்ததா? கொட்டிவிடுங்கள். அதில் பெருகும் ஒருவகை பாக்டீரியா விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வடித்த 2 மணி நேரத்துக்குள் சாதம் ஆறி, ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

பீங்கான் தட்டுதான் வைக்கிறேன். அப்படியும் வலது சுவரில் பொறி பறக்கிறதே?
- வாசகர், மன்னார்குடி

தட்டில் தங்கக் கரை இருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால் சுவரில் அட்டை மாதிரி பதித்திருக்கும் மைக்கா ஷீட்தான் காரணம். தெறித்த குழம்பும் எண்ணெயும் அதில் கருகிக் கரியாகி, பொறி விடும். பிளக்கைப் பிடுங்கி, ஆறியபின் ஈரத்துணியால் துடையுங்கள். ஓட்டை விழுந்திருந்தால் புது ஷீட்டை அதே அளவுக்குக் கத்தரித்துப் போட வேண்டும், அதுவரை ஓட்டாதீர்கள். வெளி மூடியை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

ஈயச் சொம்பு ரசத்தை அப்படியே உள்ளே வைக்கலாமா?
- வாசகி, திருவையாறு

கூடாது. உலோகத்தை நுண்ணலை ஊடுருவாது, பொறியும் வரலாம். கண்ணாடிக் கிண்ணத்தில் சுடவைத்துச் சொம்பில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் அதே பாலுக்கு இரண்டு மடங்கு நேரமாகிறது.
- வாசகர், மயிலாடுதுறை

ஆகத்தான் செய்யும். வோல்டேஜ் குறைந்தால் ஓவனின் சூடும் குறையும். நிமிடக் கணக்கை விட்டுப் பாலைப் பார்த்து நிறுத்துங்கள். உணவுக்கு 800 வாட் சூடு தரும் ஓவன், கரண்டில் 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கும். எர்த் உள்ள 16 ஆம்ப் பிளக் பாயின்ட்தான் சரி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், வீட்டு இன்வெர்ட்டரிலும் போடாதீர்கள்.