பெஞ்சில் பக்கத்தில் இருந்த அம்மா

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு நான்கு வயது. ஆறு மாதங்களுக்கு முன்பு ஆட்டிசம் என்று உறுதிசெய்தார்கள். தெரபி நடக்கும் இடத்தில் பெற்றோர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள்; என்னையும் அழைத்திருக்கிறார்கள். "நம் கஷ்டம் போதாதா, ஊரார் கஷ்டத்தையும் கேட்டு அழுதுவிட்டு வர வேண்டுமா?" என்கிறார் என் கணவர். அங்கே வரும் இருபது வயதுப் பிள்ளைகளைப் பார்க்க எனக்கும் அச்சமாக இருக்கிறது. போகத்தான் வேண்டுமா?

ஒரு தாய், தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

போய் வாருங்கள் என்றே சொல்வேன்.

என் அக்கா மகனுக்கும் ஆட்டிசம் உண்டு. அவனுடைய ஐந்தாவது வயதில் முடிவெட்டும் நாள் என்றாலே வீடு கலங்கிவிடும். மூன்று பேர் பிடித்துக்கொள்ள, அவன் கதறக் கதற வெட்டி முடிப்போம். ஒருநாள் தெரபி அறைக்கு வெளியே, செருப்புகள் கிடக்கும் இடத்தை ஒட்டிய பெஞ்சில் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் அவன் தலையின் ஏறுமாறான வெட்டைப் பார்த்துவிட்டு, "கத்தரிக்கோல் சத்தமா, கழுத்தில் விழும் முடியா, எது பிள்ளைக்கு ஆகவில்லை?" என்று கேட்டார். அதுவரை நாங்கள் யாரும் அப்படி யோசித்ததே இல்லை. கழுத்தில் விழும் முடிதான் என்பது கவனித்தபின் தெரிந்தது. பழைய பருத்தித் துண்டைக் கழுத்தை ஒட்டிச் சுற்றி, விழ விழ ஈரத்துணியால் துடைத்து, நாளுக்குப் பாதித் தலையாக இரண்டு நாளில் அக்காவே வெட்டினாள். அவன் அழத்தான் செய்தான்; ஆனால் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்படவில்லை.

இத்தகைய அறிவு பிள்ளையோடு இரவும் பகலும் இருப்பவர்களிடம்தான் சேர்கிறது. சென்னையில் 1985-இல் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான வித்யாசாகர் அமைப்பைத் தொடங்கிய பூனம் நடராஜன், மூளை முடக்குவாதம் உள்ள மகனின் தாய்; டெல்லியில் ஆட்டிசத்துக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பரூவா, ஆட்டிசம் உள்ள மகனின் தாய்.

இருபது வயதுப் பிள்ளையைக் கண்டு அஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் தாயிடம்தான் நீங்கள் முதலில் பேச வேண்டும். பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி பாதுகாவலராகத் தொடர முடியாது என்பதையும், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழுவிடம் விண்ணப்பித்து அந்த உரிமையைப் பெற வேண்டும் என்பதையும், அதற்கு எந்தெந்தக் காகிதங்களோடு எத்தனை முறை அலைய நேர்ந்தது என்பதையும் அவர் அனுபவமாகவே சொல்வார். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கும் நிராமயா காப்பீட்டைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். கூட்டத்தில் யாரேனும் ஸ்டெம்செல் சிகிச்சையால் ஆட்டிசம் குணமாகும் என்று நம்பிக்கையோடு சொன்னால், அதற்காக நகையை அடகு வைத்துவிடாதீர்கள். அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் கூறிவிட்டது. சக பெற்றோரின் சொல்லை அன்றாட வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துக்கும் சிகிச்சைக்கும் மருத்துவரைக் கேளுங்கள்.

உங்கள் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் எதுவும் பேச வேண்டியதில்லை. மகனோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால் போதும். மகன் எழுந்து ஓடினாலும், கைகளை உதறிக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாலும், அங்கே அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்காது.